76 மைலில் வீசும் பையனை காலேஜ் பேஸ்பாலுக்கு எப்படித் தயார் செய்வது?

டெக்சாஸிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மகனுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு, வலக்கை பிட்சர், அதாவது பந்து வீசுபவன். உயரம் 5 அடி 10 அங்குலம், எடை 61 கிலோ. பந்தின் வேகத்தை அளக்கும் ரேடார் கன்னில் அவனுடைய ஃபாஸ்ட்பால் (முழு வேகப் பந்து) மணிக்கு 76 மைல் காட்டுகிறது. அதே டீமில் இன்னொரு பையன் 84 வீசுகிறான். "85 இல்லாவிட்டால் எந்தக் காலேஜ் கோச்சும் திரும்பிப் பார்க்க மாட்டார்" என்று டீம் கோச் சொல்லிவிட்டாராம். எட்டே வாரத்தில் 5 மைல் கூட்டித் தருகிறோம் என்று ஒரு பயிற்சிக்கூடம், எடை கூடிய பந்துகளை வைத்து ஒரு திட்டம் நடத்துகிறது. பணம் கட்டலாமா? காலேஜ் சேர்க்கைக்கு இப்போதிருந்தே என்ன செய்ய வேண்டும்? இதுதான் கேள்வி.

நான் டாக்டரும் இல்லை, கோச்சும் இல்லை. என் பெரியவன் எட்டு வயதில் மவுண்டில் (பிட்சர் நின்று வீசும் மண்மேடு) ஏறியவன், காலேஜில் நான்கு வருஷம் வீசிவிட்டுத்தான் இறங்கினான். அத்தனை வருஷமும் வலைக்குப் பின்னால் மடக்கு நாற்காலி போட்டு, கையில் பந்துகளை எண்ணும் கருவியோடு உட்கார்ந்திருந்தவன் நான். அந்த அனுபவத்திலிருந்தும், தேடித் தேடிப் படித்ததிலிருந்தும் சொல்கிறேன்.

பணம் கட்டுவதா என்பதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: இந்தக் குளிர்காலத்தில் வேண்டாம். அந்தக் காசில் பாதியை வீட்டுச் சாப்பாட்டுக்கும் ஒரு நல்ல ஜிம்முக்கும் செலவழியுங்கள். ஏன் என்பது கொஞ்சம் நீளமான கதை.

முதலில் அந்த 76. பதினைந்து வயதுப் பையனுக்கு இது குறைவே இல்லை. நான் பார்த்த வரையில் பத்தாம் வகுப்புப் பையன்களில் பெரும்பாலோர் எழுபதுகளின் நடுவில்தான் இருப்பார்கள். பன்னிரண்டு வயது வரை 46 அடி தூரத்திலிருந்து வீசியவன், அடுத்த ஓரிரு வருஷத்தில் 60 அடி 6 அங்குலத்துக்குப் போகிறான். அமெரிக்காவின் உச்ச தொழில்முறை லீக்கான மேஜர் லீக்கில் வீசுபவருக்கும் அதே தூரம்தான். உடம்பு வளர்ந்து முடியுமுன்பே மைதானம் பெரியவர்களுடையதாகிவிடுகிறது. 84 வீசும் அந்த இன்னொரு பையனைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மீசை அரும்பியிருக்கும், தோள் விரிந்திருக்கும், கடந்த இரண்டு வருஷத்தில் சட்டை அளவு மூன்று முறை மாறியிருக்கும். அவன் முன்னதாக வளர்ந்துவிட்டான், அவ்வளவுதான். உங்கள் பையன் இன்னும் வளரப் போகிறவன். இந்த வயதில் இரண்டு பேரையும் ஒரே எண்ணால் அளப்பது, மாசியில் பூத்த மரத்தையும் இன்னும் துளிர்க்காத மரத்தையும் பக்கத்தில் நிறுத்திக் காய் எண்ணுவது மாதிரி.

ஜேக்கப் டிகிராம் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், இப்போது டெக்சாஸ் ரேஞ்சர்ஸில் வீசுகிறார். அவர் ஸ்டெட்சன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது ஷார்ட்ஸ்டாப்பாக, அதாவது ஒரு ஃபீல்டராக, ஆட. மூன்றாம் வருஷத்தில்தான் மவுண்டில் ஏறினார். மேஜர் லீக் டீம்கள் முறை வைத்து ஆள் எடுக்கும் டிராஃப்ட்டில், 2010இல் ஒன்பதாவது சுற்றில் எடுத்தார்கள். 2018, 2019 இரண்டு வருஷமும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அவருக்குத்தான். எல்லோரும் டிகிராம் ஆகிவிட முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் 15 வயதில் எடுத்த ரேடார் எண்ணை ஜாதகம் மாதிரி கையில் வைத்துக்கொண்டு பயப்படாதீர்கள்.

இனி வேகம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு வருவோம். நம் ஊர் அப்பாக்களிடம் ஒரு பழக்கம் உண்டு, எனக்கும் இருந்தது. நாம் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்கள். பையன் வீசும்போது தன்னையறியாமல் "கையை மடக்காதே, ஓடி வந்து போடுகிற மாதிரி போடு" என்று வாயில் வந்துவிடும். கிரிக்கெட்டில் வீசும்போது முழங்கையை 15 டிகிரிக்கு மேல் நிமிர்த்தக் கூடாது. பேஸ்பாலில் முழங்கை மடங்கி நிமிர்வதில்தான் பாதி வித்தை இருக்கிறது. கிரிக்கெட்டில் ஓட்டம் வேகம் தருகிறது. இங்கே ஒரு கால் ரப்பர் பலகையை ஒட்டி நிற்க வேண்டும், ஒரே ஒரு எட்டில் எல்லா வேகத்தையும் உண்டாக்க வேண்டும். 2008இல் ஒரு தொலைக்காட்சிப் போட்டிக்காக இந்தியாவில் ஆள் தேடியபோது கடைசியில் தேறிய ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் கிரிக்கெட் பந்துவீச்சாளர்கள் அல்ல, ஈட்டி எறிபவர்கள். இரண்டு பேரையும் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் ஒப்பந்தம் செய்தது. ஆகவே நம்முடைய பந்துவீச்சு அறிவை வீட்டிலேயே விட்டுவிட்டு மைதானத்துக்குப் போவது நல்லது.

கையை ஒரு சாட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். சாட்டையின் நுனி சுரீர் என்று அடிக்க வேண்டுமானால் பிடியில் வேகம் வர வேண்டும். பிடி என்பது இங்கே கால், இடுப்பு, முதுகு. வலக்கைப் பையன் இடது காலைத் தூக்கி முன்னே நீட்டி வைக்கிறான். அந்தப் பாதம் மண்ணில் பதியும் நொடியில் இடுப்பு பேட்டரை நோக்கித் திரும்ப ஆரம்பித்திருக்க வேண்டும். ஆனால் நெஞ்சு இன்னும் மூன்றாவது பேஸ் பக்கமே, அதாவது வலப்பக்கமே, பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இடுப்புக்கும் தோளுக்கும் இடையே விழும் அந்த முறுக்குதான் வேகத்தின் ஊற்று. அடுத்து முன்கால் முட்டி மடங்காமல் ஊன்றி நிற்க வேண்டும். ஓடும் பஸ் சட்டென்று பிரேக் போட்டால் நிற்பவர்கள் முன்னால் பாய்வார்களே, அப்படி முன்கால் நின்றதும் மேலுடம்பு பாய்கிறது. அதற்கப்புறம்தான் கை. தோள் உள்நோக்கிச் சுழலும் வேகத்தை ஆய்வகங்களில் அளந்திருக்கிறார்கள். விநாடிக்கு சுமார் 7,000 டிகிரி, அதாவது அதே வேகத்தில் தொடர்ந்து சுற்ற முடிந்தால் ஒரு விநாடியில் ஏறக்குறைய இருபது முழுச் சுற்று. மனித உடம்பு செய்யும் மிக வேகமான அசைவுகளில் இதுவும் ஒன்று.

இதை நீங்களே இன்று சாயங்காலம் பார்த்துவிடலாம். போனை ஸ்லோ மோஷனில் வைத்து, மூன்றாவது பேஸ் பக்கமிருந்து ஒன்று, முதல் பேஸ் பக்கமிருந்து ஒன்று, இரண்டு வீடியோ எடுங்கள். முன்பாதம் தரையைத் தொடும் இடத்தில் நிறுத்துங்கள். மூன்று விஷயம் பாருங்கள். பந்து பிடித்த கை அந்த நேரத்தில் தோள் உயரத்துக்கு வந்துவிட்டதா, இல்லை இன்னும் தொடை பக்கமே தொங்குகிறதா? நெஞ்சு அதற்குள் பேட்டரைப் பார்த்துத் திறந்துவிட்டதா? பந்தை விடும் இடத்தில் முன்முட்டி நிமிர்கிறதா, இன்னும் முன்னால் சரிந்து மடங்குகிறதா? என் பையனுக்கு மூன்றாவதுதான் கோளாறு. முட்டி ஒவ்வொரு பந்துக்கும் வெண்ணெய் மாதிரி உருகும். காரணம் உத்தி இல்லை, காலில் வலு இல்லை. ஒரு வருஷம் குந்தி எழும் பயிற்சியும் பளு தூக்கலும் செய்தான். மவுண்டில் நாங்கள் எதையும் மாற்றவில்லை, முட்டி தானாக நின்றது.

61 கிலோவுக்கு அதனால்தான் வருகிறேன். உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்ட எண் 76 அல்ல, 61. காலேஜ் டீம்களின் பட்டியலைத் திறந்து பிட்சர்களின் எடையைப் பாருங்கள். பெரும்பாலும் 80 கிலோவுக்கு மேல்தான் இருக்கும். எடை கூடிய பந்து வாங்குவதற்கு முன்னால் பையனின் எடை கூட வேண்டும். பெயரை வைத்து நீங்கள் சைவ வீடா என்று யூகிக்க மாட்டேன், ஆனால் எங்கள் வீடு சைவம்தான். காலையில் மூன்று இட்லி, மதியம் பள்ளியில் ஏதோ ஒரு ரொட்டி, ராத்திரி சாம்பார் சாதம் என்று இருந்தால் பதினைந்து வயதில் பளு தூக்குகிறவனுக்கு அது அரை வயிறுதான். நாங்கள் பால், கெட்டித் தயிர், பனீர், சுண்டல், வேர்க்கடலை, சோயா என்று ஒவ்வொரு வேளையிலும் ஒன்றைச் சேர்த்தோம். பயிற்சி முடிந்து காரில் ஏறும்போதே கையில் ஒரு டப்பா இருக்கும். முட்டை சாப்பிடும் வீடாக இருந்தால் வேலை இன்னும் சுலபம். தூக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி ஒரு மணிக்கு வீட்டுப்பாடம் முடிக்கிற பையனிடம் வேகம் எதிர்பார்க்காதீர்கள்.

இனி எடை கூடிய பந்து. சாதாரண பேஸ்பால் 5 முதல் 5.25 அவுன்ஸ், 142 முதல் 149 கிராம். அதைவிடக் கனமான பந்தையும் லேசான பந்தையும் முறை வைத்து எறிந்தால் வேகம் கூடும் என்பது பொய் இல்லை. வாஷிங்டன் மாநிலத்தின் கென்ட் நகரில் இருக்கும் டிரைவ்லைன் மாதிரியான இடங்கள் இதை நன்றாக அளந்து, திட்டம் போட்டுச் செய்து பிரபலமாகின. காலேஜ் பிட்சர்களும் மேஜர் லீக் பிட்சர்களும் செய்கிறார்கள். உங்கள் பையனின் வயதில் என்ன ஆகிறது என்பதற்கு 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு இருக்கிறது. 13 முதல் 18 வயது வரையுள்ள 38 பிட்சர்களை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு ஆறு வாரம் எடை கூடிய பந்துத் திட்டம், மீதிப் பேருக்கு வழக்கமான பயிற்சி. திட்டத்தில் இருந்தவர்களின் வேகம் சராசரியாக 3.3 சதவீதம் கூடியது. அதே குழுவில் 24 சதவீதம் பேருக்குக் கையில் காயம் ஏற்பட்டது. இன்னொரு செய்தியை விளம்பரங்கள் சொல்வதில்லை. அந்தத் திட்டம் இல்லாத குழுவிலும் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு வேகம் கூடித்தான் இருந்தது.

76க்கு 3.3 சதவீதம் என்றால் இரண்டரை மைல். நாலில் ஒருவருக்குக் காயம் என்ற விலைக்கு இரண்டரை மைல். அதுவும், வளர்ச்சியே அடுத்த வருஷம் இலவசமாகத் தரப் போகிற மைல் அது. அந்த ஆய்வில் வைத்திருந்த பந்துகள் 32 அவுன்ஸ் வரை கனமானவை, எல்லாத் திட்டமும் அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். எலும்பு முதிர்ந்து, ஒரு வருஷமாவது ஒழுங்காகப் பளு தூக்கி, பந்து எண்ணிக்கையைக் கணக்கில் வைக்கும் ஆள் கூடவே இருந்தால், 17 வயதில் யோசிக்கலாம். எட்டு வாரத்தில் 5 மைல் என்று முன்கூட்டியே எண் சொல்பவரிடம் நான் எந்த வயதிலும் அனுப்ப மாட்டேன்.

முழங்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் நான் சறுக்கினேன்.

முழங்கையின் உட்பக்கத்தில், மேற்கை எலும்பையும் முன்கை எலும்பையும் இழுத்துப் பிடிக்க ஒரு தசைநார் இருக்கிறது. சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் குட்டையானது. முழு வேகத்தில் வீசும் ஒரு பந்தில் முழங்கைக்கு வரும் முறுக்கு, அந்தத் தசைநார் தனியாகத் தாங்கக்கூடியதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று அளந்திருக்கிறார்கள். அப்படியானால் ஒவ்வொரு பந்துக்கும் ஏன் அறுந்துவிடுவதில்லை? முன்கைத் தசைகள் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. தசை களைத்துவிட்டால் பங்காளி விலகிக்கொள்கிறான், மொத்தப் பாரமும் தசைநாரின் தலையில். அலபாமாவின் பர்மிங்காமில் உள்ள அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள், அறுவை சிகிச்சை வரை போன இளம் பிட்சர்களையும் காயமே படாதவர்களையும் 2006இல் ஒப்பிட்டார்கள். கை களைத்த பிறகும் அடிக்கடி வீசியவர்கள் காயம்பட்டவர்கள் பக்கம் இருக்கும் வாய்ப்பு 36 மடங்கு. வருஷத்தில் எட்டு மாதத்துக்கு மேல் ஆட்டங்களில் வீசியவர்களுக்கு 5 மடங்கு. 2011இல் வந்த அவர்களின் இன்னொரு ஆய்வில், வருஷத்துக்கு 100 இன்னிங்ஸுக்கு (பேஸ்பாலில் மூன்று பேர் அவுட் ஆனால் ஒரு இன்னிங்ஸ்) மேல் வீசிய பிள்ளைகளுக்குப் பெரிய காயம் வரும் வாய்ப்பு மூன்றரை மடங்கு. பல பேர் பயப்படும் கர்வ்பாலை (வளைந்து இறங்கும் பந்து) இந்த ஆய்வுகள் பெரிய குற்றவாளியாகக் காட்டவில்லை. எத்தனை பந்து, எத்தனை வேகம், எத்தனை ஓய்வு என்பதுதான் கணக்கு.

அந்தத் தசைநார் அறுந்தால் செய்வதுதான் டாமி ஜான் அறுவை சிகிச்சை. 1974 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாட்ஜர்ஸ் பிட்சர் டாமி ஜானுக்கு முதன்முதலில் செய்தார். மணிக்கட்டுப் பக்கமிருந்து ஒரு நாணை எடுத்து முழங்கையில் கோத்தார். டாமி ஜான் 1976இல் திரும்பி வந்து, அதற்குப் பிறகு மட்டும் 164 ஆட்டம் வென்றார். இந்தக் கதையால் ஒரு தவறான நம்பிக்கை பரவிவிட்டது: ஆபரேஷன் செய்தால் வேகம் கூடும் என்று. கூடாது. திரும்பி வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். ஹைஸ்கூல் பையனுக்கு அந்த ஒரு வருஷம்தான் கோச்சுகள் பார்க்கும் வருஷம்.

உங்கள் பையன் வயதில் தசைநாருக்கு முன்பே எலும்பு பேசும். எலும்பு வளரும் இடமான வளர்ச்சித் தட்டு இன்னும் மூடாத குருத்தெலும்பாக இருக்கும், தசைநாரைவிட அது பலவீனம். பெரியவனுக்கு அதுதான் வந்தது. கோடைக்கால டூர்னமென்ட், சனிக்கிழமை 70 பந்து வீசினான். என் கையில் எண்ணும் கருவி, எண் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அரையிறுதியில் கடைசி இரண்டு இன்னிங்ஸுக்கு டீம் கோச் அவனைக் கூப்பிட்டார். பையன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். இன்னும் 30 பந்து. ஜெயித்தோம். காரில் வரும்போது கண்ணாடியில் பார்க்கிறேன், இடது கைப் பெருவிரலால் வலது முழங்கையின் உள்பக்கத்தைத் தடவிக்கொண்டே வருகிறான். "வலிக்குதாடா?" என்றேன். "இல்லப்பா, டைட்டா இருக்கு" என்றான். பிட்சர் பிள்ளைகளின் அகராதியில் டைட் என்றால் வலி. எக்ஸ்ரே எடுத்தோம், மூன்று மாதம் பந்தைத் தொடக் கூடாது என்று வந்தது. கோச் மேல் எனக்குக் கோபம் இருந்தது. ஆனால் எண் கருவி அவர் கையில் இல்லை, என் கையில் இருந்தது.

மேஜர் லீக்கும் அமெரிக்க தேசிய பேஸ்பால் அமைப்பான யு.எஸ்.ஏ. பேஸ்பாலும் சேர்ந்து 2014இல் வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் என்ற பந்து வரம்பு அட்டவணையை அன்றைக்குத்தான் அச்சடித்து ஃபிரிட்ஜில் ஒட்டினேன். 15, 16 வயதுக்கு ஒரு நாளில் அதிகபட்சம் 95 பந்து. 30 வரை வீசினால் மறுநாள் வீசலாம். 31 முதல் 45 என்றால் ஒரு நாள் ஓய்வு, 60 வரை இரண்டு நாள், 75 வரை மூன்று நாள், 76 அல்லது அதற்கு மேல் என்றால் நான்கு நாள். வருஷத்தில் நான்கு மாதமாவது ஆட்டத்தில் வீசாமல் இருக்க வேண்டும், அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாக எந்த எறிதலும் கூடாது. பிட்சராக இறங்கிய ஆட்டத்தில் கேட்சராக (பேட்டருக்குப் பின்னால் பந்து பிடிப்பவர்) நிற்கக் கூடாது. 2017 முதல் பள்ளி ஆட்டங்களுக்கு மாநிலங்களும் பந்து வரம்பு வைத்திருக்கின்றன. ஆனால் செவ்வாய்க்கிழமை பள்ளிக்காக வீசியது சனிக்கிழமை கோடை டீம் கோச்சுக்குத் தெரியாது. இரண்டு கணக்கையும் ஒரே தாளில் எழுதக்கூடிய ஒரே ஆள் வீட்டில் இருப்பவர்தான்.

எல்லாம் சரி, வேகம் முக்கியமே இல்லையா என்றால், பொய் சொல்ல மாட்டேன். முக்கியம்தான். மேஜர் லீக்கில் ஃபாஸ்ட்பாலின் சராசரி வேகம் 2008இல் 91 மைல் சொச்சம், 2024இல் 94ஐத் தாண்டிவிட்டது. பிட்சர்களின் காயம் பற்றி மேஜர் லீக்கே 2024 டிசம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. வேகத்தைத் துரத்துவதும் ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு வீசுவதும் முக்கியக் காரணங்கள் என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். மேலே ஓடும் தண்ணீர்தானே கீழே வரும். காலேஜ் கோச்சுகள் வேகத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள். காலேஜ் விளையாட்டை மூன்று தட்டாகப் பிரித்திருக்கிறார்கள், மேல்தட்டு டிவிஷன் ஒன்று. நான் பார்த்த அளவில் டிவிஷன் ஒன்று கோச்சுகள் வலக்கைப் பையனிடம் 88க்கு மேல் எதிர்பார்க்கிறார்கள். டிவிஷன் இரண்டில் 85ஐ ஒட்டி. டிவிஷன் மூன்றில் 80களின் தொடக்கத்தில் இருந்தாலும் ஸ்ட்ரைக் (பேட்டர் அடிக்கக்கூடிய எல்லைக்குள் வரும் பந்து) போடுகிறவனுக்கு இடம் உண்டு. இடக்கைப் பையனுக்கு எல்லாவற்றிலும் இரண்டு மூன்று மைல் சலுகை. இவை பன்னிரண்டாம் வகுப்பை நெருங்கும்போது தேவைப்படும் எண்கள். உங்கள் கோச் சொன்ன 85ஐ உங்கள் பையன் இந்த அக்டோபரில் எட்ட வேண்டியதில்லை, இன்னும் இரண்டு கோடை இருக்கிறது.

ஒரு ஷோகேஸில், அதாவது கோச்சுகள் முன்னால் பிள்ளைகள் திறமை காட்டும் நிகழ்ச்சியில், கண்ட காட்சி. வலைக்குப் பின்னால் வரிசையாகக் கோச்சுகள். ஒரு பையன் மவுண்டில் ஏறியதும் பத்துப் பன்னிரண்டு ரேடார் கன்கள் ஒரே நேரத்தில் உயர்ந்தன. 89 வந்தது. தலைகள் ஆடின. அடுத்த பந்து பேட்டரின் முதுகுக்குப் பின்னால் போனது. அடுத்தது தரையில். எட்டாவது பந்துக்கு ஒவ்வொரு கன்னாக மடிக்கு இறங்கிவிட்டது. அவனுக்குப் பிறகு 83 வீசிய ஒரு பையன், அதே கை வேகத்தில் 73இல் சேஞ்ச்அப் (வேகம் குறைத்து ஏமாற்றும் பந்து) போட்டு மூன்று பேரை அவுட் ஆக்கி உட்கார வைத்தான். இரண்டு பேர் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ரேடார் உங்களைக் கதவு வரை கொண்டுபோகும், உள்ளே போக ஸ்ட்ரைக் வேண்டும்.

இனி சேர்க்கை. இங்கே நம்மவர்கள் ஏமாறும் இடம் ஸ்காலர்ஷிப். பல வருஷங்களாக டிவிஷன் ஒன்றில் ஒரு டீமுக்கு மொத்தமே 11.7 முழு ஸ்காலர்ஷிப்தான். அதை 27 பேர் வரை பங்கு போட்டுக்கொள்வார்கள், ஆளுக்குக் கால் பங்கோ அரைப் பங்கோ. 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்த, காலேஜ் வீரர்களுக்குப் பணம் கொடுப்பது பற்றிய ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டுக்குப் பிறகு அந்த உச்சவரம்பு போய்விட்டது. அதற்குப் பதிலாக, உடன்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளின் பேஸ்பால் டீமில் 34 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. 34 பேருக்கும் முழுப் பணம் கொடுக்கலாம் என்பது விதி. கொடுப்பார்கள் என்பதல்ல. இடம் சுருங்கியிருக்கிறது என்பதுதான் நமக்கான செய்தி. போதாததற்கு, காலேஜ் மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்த பிறகு, 18 வயதுப் பையனை எடுத்து வளர்ப்பதைவிட, வேறு காலேஜில் தேறிய 21 வயதுக்காரனை எடுப்பது கோச்சுக்குச் சுலபமாகிவிட்டது. மேஜர் லீக் டிராஃப்ட்டும் 40 சுற்றிலிருந்து 20ஆகக் குறைந்ததால் காலேஜிலேயே தங்கும் நல்ல பிட்சர்கள் அதிகம்.

ஆகவே பெயர் பார்த்துக் காலேஜ் தேடாதீர்கள், டீம் பட்டியல் பார்த்துத் தேடுங்கள். காலேஜின் இணையதளத்தில் பேஸ்பால் பட்டியலைத் திறந்து, பிட்சர்களை மட்டும் எண்ணுங்கள். எத்தனை பேர் ஹைஸ்கூலிலிருந்து நேராக வந்தவர்கள், எத்தனை பேர் வேறு காலேஜிலிருந்து? போன வருஷப் பட்டியலில் இருந்த முதலாமாண்டுப் பையன்களில் எத்தனை பேர் இந்த வருஷம் காணவில்லை? இந்த ஒரு கணக்கு, எந்தக் கோச்சின் இனிப்பான பேச்சையும்விட அதிகம் சொல்லும். அரை மணி நேர வேலை.

டிவிஷன் மூன்றில் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. இதைக் கேட்டதும் நம்மவர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் எம்.ஐ.டி., ஜான்ஸ் ஹாப்கின்ஸ், எமரி, கால்டெக் எல்லாம் டிவிஷன் மூன்று. சான் அன்டோனியோவின் டிரினிட்டி 2016இல் டிவிஷன் மூன்றின் தேசிய சாம்பியன். நல்ல மதிப்பெண் இருக்கும் பையனுக்கு இந்த மாதிரி காலேஜ்கள் படிப்புக்காகவும் குடும்ப வருமானத்தைப் பார்த்தும் கொடுக்கும் உதவி, டிவிஷன் ஒன்றின் கால் பங்கு ஸ்காலர்ஷிப்பைவிடப் பெரிதாக இருக்கக்கூடும். ஐவி லீக் டிவிஷன் ஒன்றில்தான் இருக்கிறது, அங்கும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் இல்லை. இரண்டு வருஷப் படிப்பு மட்டும் உள்ள ஜூனியர் காலேஜையும் கேவலமாகப் பார்க்காதீர்கள். ஹூஸ்டன் பக்கத்திலிருக்கும் சான் ஹசின்டோ காலேஜில்தான் மேஜர் லீக்கில் பெரும் பெயர் எடுத்த பிட்சர்கள் ரோஜர் கிளெமன்ஸும் ஆண்டி பெட்டிட்டும் ஆடினார்கள். தாமதமாக வளரும் பையனுக்கு இரண்டு வருஷம் வாங்கிக் கொடுக்கிற இடம் அது.

நாள்காட்டி இதுதான். டிவிஷன் ஒன்று கோச்சுகள் பதினொன்றாம் வகுப்பு தொடங்கும் ஆகஸ்ட் 1க்கு முன்னால் உங்கள் பையனோடு பேசக் கூடாது என்று 2023இல் விதி வந்தது. அதற்கு முன் அவன் மின்னஞ்சல் அனுப்பலாம், அவர்கள் படிப்பார்கள், பதில் வராது. பதில் வரவில்லை என்று இடிந்து போகாதீர்கள். படிப்பில், டிவிஷன் ஒன்றுக்கு 16 முக்கியப் பாடங்களும் அவற்றில் 2.3 ஜி.பி.ஏ.யும் (4க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) குறைந்தபட்சம். அதில் 10 பாடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு 2.3 ஒரு பொருட்டே இல்லை என்று சிரிப்பீர்கள். சரிதான், ஆனால் எந்தப் பாடம் கணக்கில் சேரும், எது சேராது என்பதைப் பள்ளி ஆலோசகரிடம் இந்த வருஷமே கேட்டுவிடுங்கள். 3.8 ஜி.பி.ஏ. என்பது மின்னஞ்சலின் தலைப்பிலேயே போட வேண்டிய விஷயம். சேர்க்கை அலுவலகத்தோடு போராட வேண்டியதில்லை என்று கோச்சுக்கு அது சொல்கிறது.

அந்த மின்னஞ்சலைப் பையனே எழுத வேண்டும். அப்பா எழுதினால் கோச்சுக்கு இரண்டாவது வரியில் தெரிந்துவிடும். தலைப்பில் பள்ளி முடிக்கும் வருஷம், வலக்கை பிட்சர், உயரம், எடை, ஜி.பி.ஏ. உள்ளே ஏன் இந்தக் காலேஜ் என்று இரண்டு வரி, அடுத்து வீசப் போகும் நாள், இடம். இரண்டு நிமிஷ வீடியோ போதும். பக்கவாட்டில் ஒன்று, பிட்சருக்குப் பின்னாலிருந்து ஒன்று, பந்தும் கேட்சரின் கையுறையும் ஒரே ஃபிரேமில் தெரிய வேண்டும். பின்னணி இசை வேண்டாம். வேகத்தை ஒரு மைல்கூடக் கூட்டிச் சொல்ல வேண்டாம், அவர்களிடமும் கன் இருக்கிறது.

ஷோகேஸ்களில் சில நூறு டாலர் வாங்குவார்கள். 76இல் போனால் பெர்ஃபெக்ட் கேம் மாதிரி ஷோகேஸ் நடத்தும் நிறுவனங்களின் பதிவில் அந்த எண் அவன் பெயருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிடும். அவன் 80ஐத் தாண்டும் வரை காத்திருங்கள். அதற்குப் பிறகு, அவன் சேர நினைக்கும் காலேஜ் தானே நடத்தும் ஒரு நாள் முகாம்தான் காசுக்கு ஏற்றது. அங்கே எட்டிப் பார்க்கிறவர்தான் முடிவெடுக்கிறவர்.

உங்களுக்கு நான் சொல்லும் வருஷம் இப்படி: நவம்பர், டிசம்பரில் பந்தைத் தொட வேண்டாம், ஜிம்மும் சாப்பாடும் மட்டும். ஜனவரி முதல் மெல்ல எறிய ஆரம்பித்து, பிப்ரவரியில் பள்ளி சீசன். கோடையில் ஒரே ஒரு டீம், சேருவதற்கு முன்பே பந்து எண்ணிக்கை பற்றிக் கோச்சிடம் பேசிவிடுங்கள். அந்தப் பேச்சுக்கு அவர் முகம் மாறினால் வேறு டீம் பாருங்கள். ஜூலைக்குள் 69, 70 கிலோ வந்துவிட்டால் ரேடார் கன் தானாகப் பேசும். அதுவரை கன்னை மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வெளியே எடுக்காதீர்கள். ஒரு கன்னுக்கும் இன்னொன்றுக்கும் ஒன்றிரண்டு மைல் வித்தியாசம் வரும், அதற்காக ராத்திரி முழுக்க வீட்டில் பஞ்சாயத்து நடக்கும். எங்கள் வீட்டில் நடந்திருக்கிறது.

முழங்கையின் உள்பக்கம் வலி என்றோ, டைட் என்றோ அவன் சொன்னால், பனிக்கட்டி வைத்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்கு அனுப்பாதீர்கள். பொது டாக்டரிடமும் நிற்க வேண்டாம். பேஸ்பால் பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய எலும்பு மருத்துவரிடம் நேராகப் போய் இரண்டு முழங்கையையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். வளர்ச்சித் தட்டு விலகியிருக்கிறதா என்பது இடதையும் வலதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெளிவாகத் தெரியும்.